என்ஜின் பராமரிப்பு: நாமே செய்வதா, டீலரிடம் விடுவதா?

முதல் ஏழு வருஷம் என் பைக்கை டீலரிடம்தான் விட்டேன். கடைசி மூன்று வருஷமாக என்ஜின் வேலையை நானே பார்க்கிறேன். வண்டி அதேதான்: காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். என் பக்கச் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், டேப்பெட் (வால்வு இடைவெளி) ஆகிய நாலும் வண்டிக்காரரே செய்ய வேண்டிய வேலை என்பது என் கட்சி. அதிலும் டேப்பெட்டுக்காகவே இந்தப் பக்கம் வந்தேன்.

காசு மிச்சமாகுமா என்றால், ஆகும். ஆனால் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்), சாக்கெட் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்டாண்ட் என்று வாங்கியதில் முதல் வருஷ மிச்சம் அத்தனையும் கரைந்துவிட்டது. காசை மட்டும் நினைத்து இதில் இறங்க வேண்டாம். நேரமும் டீலர் பக்கம்தான். அங்கே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், இங்கே அரை நாள் போகும்.

ஆயில் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை ஊற்றுகிறோம் என்பது நம் கண் முன்னால் நடக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான கியர் வண்டிகளில் ஒரே ஆயில்தான் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும், அதிலேயே ஊறிக் கிடக்கும் கிளட்ச்சுக்கும். அதனால் கேனில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலையோ எம்பி ரகத்தையோ ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஏர் ஃபில்டரும் பிளக்கும் இன்னும் எளிது. கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் செய்யலாம்.

சரி, டேப்பெட்டுக்கு வருகிறேன்.

வண்டி வாங்கி ஆறாவது வருஷம் ஒரு தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து பட்டனை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. சூடான பிறகு ஐடிலிங்கில் ஓடாமல் அணைந்துவிடும். டீலரிடம் மூன்று முறை விட்டேன். பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், பேட்டரியைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பில்லிலும் "டேப்பெட் செக்" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. மூன்றாவது முறை, "டேப்பெட் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டேன். "சத்தமே இல்லையே சார், அப்புறம் எதுக்குத் தொடணும்?" என்றார் மெக்கானிக். அவர் பொய் சொல்லவில்லை. காதால் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் சத்தம் இல்லாததுதான் அங்கே நோய். டேப்பெட் என்று நாம் சொல்வது, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் வால்வின் முனைக்கும் நடுவே இருக்கும் ஒரு முடியளவு இடைவெளி. இந்த இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும், எல்லாருக்கும் கேட்கும். குறைந்தால் என்ஜின் இன்னும் அமைதியாகும், யாருக்கும் சந்தேகம் வராது. நாள்பட ஓடும்போது வால்வும், மூடும்போது அது உட்காரும் சீட்டும் தேய்ந்து, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக சிலிண்டருக்கு மேலே உள்ள ஹெட்டுக்குள் ஏறுகிறது. அதனால் இடைவெளி சுருங்குகிறது. எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடி சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடித்துளிகளில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுசாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை. அந்தச் சந்து வழியாக எரியும் வாயுவும் கசியும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அமுக்கம்) குறையும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. அப்படியே ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகிப்போகும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே திறந்தேன். என் வண்டிக்குக் கையேடு சொல்வது இன்டேக் (காற்றை உள்ளே விடும் வால்வு) 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.15. இன்டேக்கில் 0.08 நுழைந்தது. எக்ஸாஸ்ட்டில் 0.15 தகடு நுழையவில்லை, 0.10 நுழையவில்லை. 0.05 தகடு ஒரு பக்கமாக மடங்கி, இழுத்துக்கொண்டு போனது. சரிசெய்து மூடினேன். டிக் டிக் என்று லேசாகச் சத்தம் வந்தது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை அன்றோடு போயிற்று.

டீலரிடம் ஏன் இது நடக்கவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன். சோம்பல் என்று சொன்னால் நியாயமில்லை. டேப்பெட்டை ஆறின என்ஜினில்தான் பார்க்க வேண்டும். பல சர்வீஸ் மேனுவல்களில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றே போட்டிருக்கிறது. சூட்டில் உலோகம் விரிந்திருக்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் நாம் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் விடுகிறோம். என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கிறது. மதியத்துக்குள் முடிக்க வேண்டும், பின்னால் இன்னும் பத்து வண்டி நிற்கிறது. ஆயிலுக்கோ நேர் எதிர் கணக்கு: கொஞ்சம் சூடாக இருந்தால்தான் நன்றாக வடியும். அதனால் வந்த சூட்டில் ஆயில் மாறிவிடும், டேப்பெட்டுக்கு டிக் விழுந்துவிடும். எவ்வளவு கைத்திறன் உள்ள மெக்கானிக்காக இருந்தாலும், என்ஜின் ஆறக் காத்திருக்கும் நேரம் அவர் கையில் இல்லை. நம் வீட்டில் வண்டி ராத்திரி முழுக்க சும்மாதான் நிற்கிறது.

செய்யும் முறை பயப்படும்படி ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும், ஸ்டார்ட் செய்யாமல், பிளக்கைக் கழற்றிவிட்டு வால்வு மூடிகளைத் திறக்கிறேன். கிராங்கை சாக்கெட் வைத்துக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும், ஃபிளைவீலில் உள்ள டி குறியை நேருக்குக் கொண்டுவருகிறேன். இங்கே ஒரு கவனம்: பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை மேலே வரும். கம்ப்ரஷனில் மேலே வந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படி வந்திருந்தால் இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆடும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. பிறகு ராக்கர் முனையில் உள்ள திருகின் லாக் நட்டைத் தளர்த்தி, தகட்டை உள்ளே விட்டு, திருகைச் சுழற்றி வைக்க வேண்டும். தகடு தாராளமாக வழுக்கிப் போகக் கூடாது, சிக்கவும் கூடாது. புத்தகப் பக்கங்களுக்கு நடுவே இருக்கும் தாளை உருவுவது போன்ற ஒரு பிடிப்பு. லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் நகர்ந்து அளவு மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று நான்கு முறை ஆகிறது. அவசரம் இல்லாததால் ஆகட்டும் என்று செய்கிறேன். இதை முடித்த பிறகு வண்டியைச் சில நிமிஷம் ஓடவிட்டு ஆயிலை வடிக்கிறேன். ஒரே காலையில் இரண்டு வேலையும் அதனதன் வெப்பத்தில் முடிந்துவிடுகிறது.

பார்த்த எண்களை ஒரு நோட்டில் எழுதுகிறேன். எக்ஸாஸ்ட்டை 0.15 வைத்த பிறகு அடுத்த முறை 0.13 இருந்தது. மறுபடி 0.15 வைத்தேன், அதற்கடுத்த முறை 0.14. இன்டேக் அசையவே இல்லை. அதாவது தேய்மானம் மெதுவாகத்தான் போகிறது. ஒருநாள் திடீரென்று வேகமாகச் சுருங்கினால், ஹெட்டைத் திறக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஏழு வருஷ பில்களில் இப்படி ஓர் எண் கூட எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நாமே செய்வதில் உள்ள குறைகள். முதல் வருஷம் ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கைக்கணக்கில் இறுக்கி, மரையைக் கெடுத்துவிட்டேன். போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம், இரும்புதான் ஜெயிக்கும். ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதன் பிறகே டார்க் ரெஞ்ச் வாங்கினேன். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள், வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பும் நம்முடையதே. இன்ஜெக்‌ஷன் கோளாறு விளக்கு எரிந்தால் நான் டீலரிடம்தான் போவேன். ஸ்கேன் கருவி அங்கேதான் இருக்கிறது, சாஃப்ட்வேர் திருத்தங்களும் அங்கேதான் வரும். வாரன்டி முடியாத வண்டியையும் அங்கேயே விடுங்கள்.

இன்னொன்று, நான் சொன்னதெல்லாம் திருகும் லாக் நட்டும் உள்ள வண்டிகளுக்கு. வால்வுக்கு மேல் பக்கெட்டும் (கிண்ணம் போன்ற மூடி) ஷிம்மும் (அளவுத் தகடு) வைத்த பல சிலிண்டர் என்ஜின்களில் அளப்பது வேண்டுமானால் நம்மால் முடியலாம். அளவு மாற்றப் பெரும்பாலும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது கேம் செயின் பல் தப்பினால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கலாம். அந்த வேலையை நான் செய்ததில்லை, செய்யுங்கள் என்று சொல்லும் தைரியமும் எனக்கில்லை. ஹார்லி-டேவிட்சனின் பெரிய வி-ட்வின்கள் பலவற்றிலும், ராயல் என்ஃபீல்டின் யுசிஇ என்ஜின்களிலும் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருப்பதால் டேப்பெட் வைக்கும் வேலையே கிடையாது. அந்த வண்டிக்காரர்களுக்கு என் வாதத்தில் பாதி உதிர்ந்துவிடும்.

விற்கும்போது டீலர் முத்திரை உள்ள சர்வீஸ் புத்தகத்துக்கு மதிப்பு உண்டு என்கிறார்கள். இருக்கலாம். நான் இன்னும் விற்றதில்லை, அதனால் அடித்துச் சொல்ல முடியாது. ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதுகளை நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

நேரமோ இடமோ இல்லாமல் டீலரிடம்தான் விடப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் டேப்பெட் பார்க்கச் சொல்லுங்கள். திறந்தபோது எவ்வளவு இருந்தது, எவ்வளவு வைத்தார்கள் என்று இரண்டு எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.