தீவில் ஆடுகள்: வேலி போடுவதா, முழுக்க அகற்றுவதா?

மேயும் பாலூட்டிகளே இல்லாமல் பரிணமித்த தீவுச் செடிகள் பலவற்றுக்கு முள்ளும் கிடையாது, நஞ்சும் கிடையாது. ஆடு வந்தால் முதலில் அழிவது இளங்கன்றுகள். பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் பின்டா தீவில் 1959-ல் விடப்பட்ட மூன்று ஆடுகள் 1970-களுக்குள் பல்லாயிரமாகப் பெருகிவிட்டன.

வேலியின் பலம் வேகம். ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்காவில் ஆடு புகாதபடி ஒரு துண்டு நிலத்தை அடைத்தார்கள். அதுவரை தாவரவியலாளர் யாரும் பதிவு செய்திராத, வாளவரை இனக் கொடி ஒன்று அங்கே முளைத்தது! மண்ணுக்குள் விதை காத்திருந்திருக்கிறது. ஆனால் வேலியைக் காலமெல்லாம் பழுதுபார்க்க வேண்டும். வெளியே அழிவு தொடரும்.

முழுக்க அகற்றுவது பெரும் செலவு, பல வருட உழைப்பு. கலாபகஸின் சந்தியாகோ, வட இசபெலா பகுதிகளில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய ஆடுகளைப் பின்தொடர்ந்து மிச்சக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006-க்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் போயின. உயிர்களைக் கொல்வது மனதை உறுத்துகிறது, உண்மைதான். ஆனாலும் வேறெங்கும் இல்லாத செடி அழிந்தால் மீட்க வழியே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை: பசிபிக்கின் சாரிகன் தீவில் ஆடு போனதும் அந்நியக் கொடி ஒன்று காட்டை மூடிப் படர்ந்தது. அதனால் களைகளை முன்பே கணக்கெடுக்க வேண்டும். அரிய செடிகளுக்கு அகற்றும் வேலை முடியும் வரை வேலியும் வேண்டும்.