ரிப்பேருக்கு நின்ற எம்எக்ஸ்-5: வாங்கியதும் ஓட்டிவருவதும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் வேலை பாக்கி இருக்கிற வண்டி, எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் இன்ஜின் எப்படி என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை ரிப்பேர் நிலையில் வாங்கிப் பல வருடமாக ஓட்டிவருகிறேன். இந்தக் காரில் இன்ஜின் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் தரையில் படுத்து அடித்தகட்டைப் பாருங்கள்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு: 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்த, இரண்டே இருக்கை உள்ள திறந்த கார். தொடக்கத்தில் 1.6 லிட்டர் இன்ஜின், 1993இல் 1.8 வந்தது. பின்சக்கர இழுவை, நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், எடை ஒரு டன்னை ஒட்டித்தான். 2016 ஏப்ரலில் எல்லாத் தலைமுறைகளும் சேர்த்துப் பத்து லட்சமாவது கார் தயாரானது. ரிப்பேர் வண்டி வாங்குகிறவனுக்குத் தெம்பு தருவது இந்த எண்ணிக்கைதான். இவ்வளவு கார் ஓடுவதால் பாகங்கள் கிடைக்கின்றன, பழுதுகள் எல்லாம் ஏற்கெனவே யாரோ பார்த்துத் தீர்த்தவை. 2017இல் கம்பெனியே ஜப்பானில் முதல் தலைமுறைக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, ஹூட் (மடக்கும் துணிக்கூரை) உட்பட நின்றுபோன சில பாகங்களை மறுபடி செய்ய ஆரம்பித்தது. சொற்ப எண்ணிக்கையில் வந்த காருக்கு இதே கணக்கைப் போட்டால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ஒரு விளக்குக் கண்ணாடிக்காக வண்டி மாதக்கணக்கில் ஸ்டாண்டு மேல் நிற்கும்.

எனக்கு அப்போது இரண்டு வண்டிகள் கிடைத்தன. ஒன்று புதுப் பெயின்ட், சாவியைத் திருப்பினால் கிளம்பும். இன்னொன்றில் கிளட்ச் பெடல் மிதித்தால் தரையோடு கிடந்தது, ஹூட் கிழிந்திருந்தது, இன்ஜினுக்குப் பின்னால் ஆயில் வழிந்திருந்தது. எடுத்தது இரண்டாவதை. முடிவு செய்தது ஒரு சின்னக் காந்தம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், பின்சக்கரத்துக்கு முன்னால் வந்து முடியும் இடத்தில், துணி சுற்றிய காந்தத்தை வைத்து நகர்த்திப் பார்த்தேன். பளபளத்த வண்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை, பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். அழுக்கு வண்டியில் கடைசிவரை கெட்டியாக ஒட்டியது.

அந்த இடம் மட்டும் ஏன் அரிக்கிறது என்றால், ஹூட்டில் வடியும் மழைத்தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மடிப்பில் சேர்ந்து, இரு மூலைகளிலும் உள்ள குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே இறங்க வேண்டும். சருகும் புழுதியும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் உள்ளே வழிந்து சில் பெட்டிக்குள் தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்டில் கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்தகடு பாதி போயிருக்கும். வாங்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய், ஓனரைக் கேட்டுக்கொண்டு, அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் கீழே ஒழுகினால் நல்லது. ஒழுகாவிட்டால் இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம் கையில் வரும்.

வெல்டிங் வேலையில் எனக்குள்ள பயம் செலவு கூட இல்லை, செலவு தெரியாததுதான். வெட்டித் திறக்கிற வரை எத்தனை அடுக்குத் தகடு மாற்ற வேண்டும் என்று எந்த டிங்கராலும் சொல்ல முடியாது. போல்ட் போட்டு மாட்டுகிற பாகத்துக்கு வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

என் வண்டியின் கிளட்ச் அப்படிப்பட்ட வேலை. பெடல் கீழே போனதும் கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்றுதான் விற்றவரும் நினைத்திருந்தார். விலை இறங்கியதற்கும் அதுவே காரணம். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் வெளியே இரண்டு போல்ட்டில் தொங்கும், பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியாக வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினேன், பிரேக் ஆயில் சொட்டியது. அவ்வளவுதான் பழுது. இந்த மாடலில் அது வழக்கமாகத் தேய்ந்து கசிகிற சாமான்.

பின்பக்க ஆயில் கசிவும் அதே கதை. கிராங்க் சீல் (இன்ஜினின் முக்கியத் தண்டு பின்னால் வெளிவரும் இடத்து ஆயில் அடைப்பு) என்று பயமுறுத்துவார்கள். இந்த இன்ஜினில் ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) பின்புறம், இக்னிஷனுக்கு நேரம் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து இறுகினால் ஆயில் பின்னால் இறங்கி, கியர்பாக்ஸ் சேருமிடத்தில் சொட்டும். போல்ட் ஒன்றுதான், கை நுழையும் இடம்தான் கொடுமை. கழற்றுவதற்கு முன் சென்சார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும், டைமிங் லைட் வைத்து மறுபடி செட் பண்ண வேண்டும். சென்சாரின் கனெக்டர் காய்ந்து நொறுங்கும் வயதில் இருக்கும், பார்த்துப் பிடுங்குங்கள்.

மற்றவை சில்லறை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வ் பக்கம் கேட்கும் டிக்டிக், வால்வை ஆயில் அழுத்தத்தால் இடைவெளியின்றி வைக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரின் சத்தம், ஆயில் மாற்றி ஓட்டியதும் அடங்கியது. ஹேண்ட்பிரேக் பொறிமுறை பின்கேலிப்பருக்குள்ளேயே (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) இருப்பதால் நெடுநாள் நின்ற வண்டியில் அது இறுகியிருக்கும், இரண்டையும் மாற்றினேன். ஹூட் மாட்டுவதை மட்டும் ஆளை வைத்துச் செய்தேன். பழைய பிளாஸ்டிக் பின்ஜன்னல் உள்ள ஹூட் என்றால், மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வையுங்கள், இல்லையேல் மடிப்பு விழுந்து வெடிக்கும். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாயுக்குழாய் இல்லாத சாதாரணப் பேட்டரியைப் போட்டால், ஆவி டிக்கித் தகட்டைத் தின்றுவிடும்.

ஓட்டுவதைப் பற்றி: 1.8இன் சக்தி சுமார் 130 குதிரைத்திறன். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பல சிக்னலில் முந்திப் போகும், போகட்டும். கியர் நெம்புகோல் மணிக்கட்டு அசைவிலேயே விழுகிறது, வளைவில் முன்சக்கரம் என்ன செய்கிறது என்று ஸ்டியரிங்கில் கை உணர்கிறது. சட்டப்படியான வேகத்துக்குள்ளேயே வண்டியின் முழுச் சுவையும் கிடைத்துவிடுவதால், இதைவிட வேகமான காருக்கு மாறும் ஆசை இதுவரை வரவில்லை. நெடுஞ்சாலையில் இரைச்சல் அதிகம், உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும், இரண்டு பெட்டிக்கு மேல் வைக்க இடமில்லை. ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாத வண்டிகளும் உண்டு, குடும்பத்தோடு போகிற கார் இதுவாகாது.

வேறு வண்டி கைவசம் இல்லாதவர்கள் ரிப்பேர் நிலையில் இதைத் தொட வேண்டாம். பாகம் வர ஒரு வாரம் ஆனால் அந்த வாரம் பஸ்தான். வேலையை முழுக்க மெக்கானிக்கிடம் விடுகிறவர்கள், முந்தைய ஓனர் செலவு செய்து முடித்த வண்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது லாபம். எனக்குக் கட்டுபடியானதற்கு முக்கியக் காரணம், ஸ்பானர் பிடிக்கிற வேலையில் பெரும்பகுதியை நானே பார்த்தது.

இப்போது பாக்கி இருப்பது ஏசியும் டைமிங் பெல்ட்டும். பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முதல் தலைமுறை இன்ஜினில் அது அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, வண்டி நின்றுபோவதோடு சரி. அதனால் வாட்டர் பம்பும் கைக்கு வந்த பிறகு இரண்டையும் ஒன்றாகப் பிரித்து மாட்டப் போகிறேன். ஏசியைச் சரிசெய்யும் எண்ணம் இல்லை, ஹூட்டைத் திறந்துதான் ஓட்டுகிறேன்.