120 ரூபாயா, முதல்வர் அட்டையா, 38 ஆயிரமா?

சென்னை மணலியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் 19 வருடம் வேலை பார்த்தேன். போன வருடம் பிப்ரவரியில் 58 முடிந்தது. சால்வை போட்டு, கையில் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்காரருக்கு 64. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசையில் ராத்திரி பகலாகக் காத்துக் கிடந்து சுகரையும் பிபியையும் சம்பாதித்துக்கொண்டு வந்தார். அவருக்கென்று பிஎஃப், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு எதுவும் கிடையாது. என் இ.எஸ்.ஐ. அட்டையில்தான் இத்தனை வருடமும் இருவருக்கும் மருந்து வாங்கினோம்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று பார்த்தபோது எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது: தனியார் மருத்துவக் காப்பீடு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஓய்வு பெற்றவர்களுக்கான இ.எஸ்.ஐ. நாங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் இருக்கிறோம். அதனால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

தனியார் பாலிசியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தெரு முனையில் இருக்கும் ஏஜென்ட் தம்பி கணக்குப் போட்டு, இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஆண்டு பிரீமியம் 38 ஆயிரம் என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. அது போன பிறகும் இந்தத் தொகை. என் பிஎஃப் பென்ஷன் மாதம் 3,200 ரூபாய். பன்னிரண்டால் பெருக்கினால் 38,400. பென்ஷனை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு 400 ரூபாயில் வருடத்தை ஓட்ட வேண்டியதுதான். இவ்வளவும் கட்டினாலும், ஏற்கெனவே இருக்கிற சுகருக்கும் பிபிக்கும் மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும். முன்பு நான்கு வருடமாக இருந்ததை 2024 ஏப்ரலில் மூன்றாகக் குறைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்களுக்கு வரப்போகிற வியாதி அந்த இரண்டிலிருந்துதான் வரும். பிள்ளைகள் கை நிறையச் சம்பாதிக்கிற வீட்டுக்கு இது சரிப்படலாம்.

முதல்வர் அட்டை வேறு மாதிரி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இப்போதைய பெயருக்கு வந்து, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. வயது வரம்பு இல்லை, பழைய வியாதிக்குக் காத்திருப்பும் இல்லை. என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது இந்த அட்டையில்தான். தனியார் மருத்துவமனையில் வைத்தார்கள், சிகிச்சைக்கு ஒரு பைசா கேட்கவில்லை. புதுவண்ணாரப்பேட்டையில் அந்த வீட்டுக்குப் போனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருக்கும்.

எங்களுக்கு அது கிடைக்காததற்குக் காரணம் வருமானம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 வரை 72,000 ஆக இருந்ததை உயர்த்தியும் மாதக் கணக்கில் 10,000தான். நானும் அவரும் மட்டும் என்றால் தாராளமாக உள்ளே வந்துவிடுவோம். ஆனால் ரேஷன் கார்டில் பையன் பெயரும் இருக்கிறது. அவன் மாதம் 22 ஆயிரம் வாங்குகிறான். கார்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம். "பையன் பெயரை எடுத்துடுங்க அக்கா" என்று இ-சேவை மையத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பெண் யோசனை சொன்னாள். கல்யாணமாகாத பையன், ஒரே வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிறான், அவனை எப்படி எடுப்பது?

சரி, பையன் தனிக் கார்டு வாங்கிப் போய்விட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த அட்டையை நான் முதல் இடத்தில் வைத்திருக்க மாட்டேன். காரணம் மாத்திரை. முதல்வர் அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அறுவை சிகிச்சை, ஸ்டென்ட், புற்றுநோய் சிகிச்சை என்று பட்டியலில் உள்ளவற்றுக்குப் பணம் தரும். மாதா மாதம் சாப்பிடுகிற மாத்திரைக்குத் தராது. நாத்தனார் வீட்டில் ஸ்டென்ட் இலவசம். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு மருந்துக்கடையில் கடன் நோட்டு ஓடுகிறது.

வீட்டுக்காரர் ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிடாத நாள் ஒன்று கிடையாது. காலையில் நான்கு, ராத்திரி மூன்று. சுகருக்கு இரண்டு வகை, பிபிக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கால் எரிச்சலுக்கு ஒன்று. எனக்குத் தைராய்டு மாத்திரை தனி. இதன் விலை எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மாதம் கைக்காசு போட்டு வாங்கினேன். மாதம் 2,600 ரூபாய். ரத்தப் பரிசோதனை இதில் சேராது.

அரசு மருத்துவமனையில் இதெல்லாம் இலவசம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஸ்டான்லி இருக்கிறது, மாநகராட்சி சுகாதார நிலையம் இருக்கிறது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்களுக்கு வெறும் பிபியும் சுகரும்தான் என்றால் இதற்கு மேல் நீங்கள் படிக்கத் தேவையில்லை, அதுவே போதும். ஆனால் இவருடைய பட்டியல் நீளம். கண்ணுக்கு ஒரு டாக்டர், இருதயத்துக்கு ஒரு டாக்டர். இத்தனை வருடச் சீட்டு எல்லாம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில்தான் இருக்கிறது. அங்கே டாக்டரைப் பார்க்கவும், மருந்து வாங்கவும், ஸ்கேனுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கவும் ஒரே நம்பர்.

அந்த நம்பரை ஓய்வுக்குப் பிறகும் வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 120 ரூபாய். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. வேலையில் இருந்தபோது 17,000 சம்பளத்துக்கு 0.75 சதவீதம் என்று மாதம் 128 ரூபாய் பிடித்தார்கள். அதைவிடக் குறைந்த தொகையில் இப்போது எனக்கும் அவருக்கும் ஒரு வருடம் மருத்துவம். லீவு போட்டால் கிடைக்கிற சம்பள ஈடு இனிக் கிடையாது. பிள்ளைகளுக்கும் கிடையாது. கணவன், மனைவி இருவருக்கு மருத்துவம் மட்டும்.

இதற்குக் குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். அப்புறம், வேலையை விட்டது வயது முதிர்வு ஓய்வாகவோ விருப்ப ஓய்வாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டாவதில்தான் நான் மாட்டினேன். எங்கள் அலுவலகத் தம்பி எல்லோருக்கும் அடிக்கிற மாதிரியே எனக்கும் "ராஜினாமா செய்து விலகினார்" என்று கடிதம் அடித்துவிட்டான். ஓய்வு என்று எழுதாமல் ராஜினாமா என்று எழுதினால் 19 வருடமும் வீண். நான் அப்போது அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வேலையை விட்ட பிறகும் அட்டை ஓடிக்கொண்டிருந்ததால் அலட்சியமாக இருந்துவிட்டேன். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் என்பது இ.எஸ்.ஐ. கணக்கு. அதனால் டிசம்பர் 31 வரை மருந்து கிடைத்தது. ஜனவரியில் போனால், "உங்க நம்பர் முடிஞ்சிடுச்சும்மா" என்றார்கள்.

கடிதத்தைத் திருத்தி வாங்க மூன்று மாதம் ஆனது. மருந்துக்கடைக்கு மாதம் 2,600 கொடுத்தது அப்போதுதான். ஏஜென்ட் தம்பியிடம் போய் உட்கார்ந்ததும் அந்தப் பயத்தில்தான். ஓய்வுக்கு ஆறு மாதம் இருப்பவர்கள் இப்போதே அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையில் வாங்கும்போதே படியுங்கள்.

இன்னொன்று: சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போய்விடுவோம். ஓவர்டைம் பணம் அந்த வரம்பில் சேராது. இது தெரியாமல் கடைசி வருடத்தில் ஓவர்டைமுக்குப் பயந்த ஒருத்தி எங்கள் பிரிவிலேயே இருந்தாள்.

இ.எஸ்.ஐ. சொர்க்கம் என்று சொல்லவில்லை. காலை ஏழரைக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். நான் போகிற டிஸ்பென்சரியில் கால் எரிச்சல் மாத்திரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இல்லாமல் போகும். பெரிய வைத்தியத்துக்குக் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போ என்று எழுதினால், காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அசோக் நகரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. நடக்க முடியாதவரை வைத்துக்கொண்டு அந்தப் பயணம் ஒரு நாள் வேலை.

ஓய்வுக்குப் பிறகு இதில் நாங்கள் யாரும் இன்னும் படுக்கையில் சேரவில்லை. அவர் ஒருமுறை படுத்தது நான் வேலையில் இருந்தபோது. அதனால் பெரிய அறுவை சிகிச்சை என்று வந்தால் ஓய்வு பெற்றவருக்கு எவ்வளவு சீக்கிரம் சீட்டு நகரும் என்பதற்கு என் அனுபவம் பதில் சொல்லாது. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் மட்டும்தான் நான் சாட்சி. பெரிய அறுவை சிகிச்சை என்கிற அந்த ஒரு இடத்தில் நாத்தனார் வீட்டு அட்டையைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

எழுபது முடிந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு தர 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா அட்டைக்கு அவருக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அதற்குள் பையனுக்குக் கல்யாணம் ஆகித் தனிக் கார்டு வந்துவிட்டால், வருமானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் இருவரும் முதல்வர் அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். பெண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.