ஃபிளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போய் 1,640 யூரோவைத் தொலைத்த கதை

1,640 யூரோ. ரூபாயில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ஊர் திரும்பி ஏழு நாள் ஆகிறது, இன்னும் சரியாகத் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகிறது" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன், என் சுபாவம் அப்படி.

நான் சென்னையில் வேலை பார்ப்பவன். சனி, ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் சைக்கிள் மிதிக்கும் கூட்டத்தில் ஒருவன். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டமான பிரெவே, 200, 300 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் பெல்ஜியத்திலும் வடக்கு பிரான்ஸிலும் நடக்கும் வசந்தகாலப் பந்தயங்களை ராத்திரி வரை உட்கார்ந்து பார்க்கிற பைத்தியம் பல வருஷமாக உண்டு. அதிலும் பெல்ஜியத்தின் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ். 1913இல் தொடங்கியது. கல் பாவிய குறுகலான ஏற்றங்களில் உலகத்தின் முதல்தர வீரர்களே திணறுவார்கள். முந்தைய நாள் சனிக்கிழமை, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் அதே ஏற்றங்களில் ஓட்ட 'வி ரைட் ஃபிளாண்டர்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். சனிக்கிழமை ஓட்டுவது, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது. வாழ்க்கையில் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று சீட்டுப் பணம் போட்டுச் சேர்த்தேன்.

போன டிசம்பரில், சைக்கிள் பந்தயங்களுக்கென்றே சுற்றுலா பேக்கேஜ் விற்கும் ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. பெயரைப் போடவில்லை. போட்டால் நமக்குத்தான் தொல்லை என்று வக்கீல் நண்பர் ஒருவர் தடுத்துவிட்டார். அவர்கள் சொன்னது: பந்தயம் முடிகிற அவுடனார்டே ஊரில் நான்கு இரவு ஹோட்டல், வாடகை ரேஸ் சைக்கிள், சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அனுமதி, ஞாயிற்றுக்கிழமை அவுட குவாரமோண்ட் ஏற்றத்தின் ஓரத்தில் சாப்பாட்டோடு கூடாரத்தில் இடம். மொத்தம் 1,720 யூரோ.

உடனே பணம் கட்டும் முட்டாள் இல்லை நான். வீடியோ காலில் பேச வேண்டும் என்றேன். பேசினான். ஐரோப்பிய ஆள், நாற்பது வயது இருக்கும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் கேள்வியே, "உங்கள் சீட் உயரம் எவ்வளவு?" என்பதுதான்.

73.5 சென்டிமீட்டர். அந்த எண் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. பதினைந்து வருஷமாக நான் எந்த சைக்கிள் ஓட்டுகிறேன் என்றே தெரியாத ஒரு வீட்டில் இருப்பவனிடம் ஒருவன் சீட் உயரம் கேட்கிறான்! என்ன பெடல் போடுவீர்கள் என்று கேட்டான். டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டாம், 32 போட்டுத் தருகிறேன், காற்றைக் குறைத்து வையுங்கள் என்றான். கல் சாலையில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், விரல்களைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெரிய கியரில் மெதுவாக மிதியுங்கள் என்றான். பாட்டர்பெர்க் ஏற்றத்தின் கதையைச் சொன்னான்: பந்தயம் தன் நிலத்துப் பக்கம் வரவேண்டும் என்ற ஆசையில் ஒரு விவசாயி அந்தப் பாதைக்குக் கல் பாவினாராம், 1986 முதல் பந்தயம் அந்த வழி போகிறது. 360 மீட்டர்தான், ஆனால் செங்குத்தான இடத்தில் 20 சதவீதம். கோப்பன்பெர்க் என்ற இன்னொரு ஏற்றத்தில் 1987இல் டென்மார்க் வீரர் யெஸ்பர் ஸ்கிபி கீழே விழுந்ததும், அதிகாரிகளின் கார் அவருடைய சைக்கிள் மேலேயே ஏறிப் போனதும், அதற்கப்புறம் 2002 வரை அந்த ஏற்றத்தையே பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டதும் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அவன் வாயால் கேட்கும்போது இனித்தது. ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்ததும் 400 யூரோ கார்டில் கட்டினேன்.

இத்தனை விவரம் தெரிந்த ஆள் ஏமாற்றுவானா? அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

ஜனவரியில், மீதியைக் கார்டில் கட்டினால் கமிஷன் போகிறது, வங்கி வழியாக அனுப்பினால் 80 யூரோ குறைத்துக்கொள்கிறேன் என்றான். சந்தோஷமாக 1,240 அனுப்பினேன். ஆக 1,640. எண்பது யூரோ மிச்சம் பிடித்தேன் என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன் வேறு.

ஹோட்டல் சீட்டு வந்தது. அதை வைத்துத்தான் விசாவே வாங்கினேன். ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் புக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், என் பெயர் வந்தது. என் சீட் உயரத்துக்கு வைத்த சைக்கிள் என்று ஒரு போட்டோவும் வந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் சரிபார்ப்பது?

2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை மதியம் அவுடனார்டே போய் இறங்கினேன். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் கணினியைத் தட்டினார். மறுபடி தட்டினார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மார்ச் 3ஆம் தேதி ரத்து. அதாவது என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை விழுந்த பிறகு, இலவசமாக ரத்து செய்யும் கெடு முடிவதற்குள். பாவம், அந்தப் பெண் நான்கு இடங்களுக்கு போன் போட்டுப் பார்த்தார். பந்தய வாரத்தில் அந்தச் சின்ன ஊரில் எங்கே அறை கிடைக்கும்?

வாடகை சைக்கிள் எடுக்க அவன் சொல்லியிருந்த கடைக்குப் போனேன். என் பெயரில் எதுவும் இல்லை. போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கள் கடைச் சுவர்தான். ஆனால் இந்தப் படம் எங்கள் வலைப்பக்கத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது" என்றார்.

அந்த நிமிஷம் வயிறு கலங்கியது பாருங்கள்.

அவனுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பதில்: "ஹோட்டலின் தவறு, எங்கள் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது." சைக்கிள்? "கடையின் தவறு." இரவு வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் ரயில் பிடித்து கெண்ட் நகரத்துக்குப் போய், எட்டு பேர் படுக்கும் விடுதி அறையில் ஒரு மேல்கட்டில் பிடித்தேன்.

சனிக்கிழமை காலை ஓட்டப் பதிவு மேசையிலும் அதே கதை. என் பெயர் இல்லை. அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆயிரக்கணக்கான பேர் கலகலவென்று புறப்பட்டுப் போகிறார்கள். ஓட்டுகிற உடுப்போடு, கையில் ஹெல்மெட்டும் தோளில் பெடல் பையுமாக, சைக்கிள் மட்டும் இல்லாமல் நான் நிற்கிறேன். பொண்ணு வீட்டார் வராத கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை மாதிரி. ஒரு தாத்தா என்னிடம் வந்து, சைக்கிள் பஞ்சரா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவுடனார்டேயிலிருந்து குவாரமோண்டுக்கு நடந்தே போனேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூடாரத்து வாசலில் என் அனுமதிச்சீட்டை ஸ்கேன் செய்தார்கள், செல்லாது என்று காட்டியது. எதிர்பார்த்ததுதான். அப்படியே திரும்பி வேலியோரம் போய் நின்றுவிட்டேன். அங்கே நிற்க யாரும் காசு கேட்கவில்லை! சாலையோரம் நின்று இந்தப் பந்தயத்தைப் பார்ப்பது இலவசம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சாப்பாடு, பெரிய திரை, நிழல் என்று ஆசை காட்டினான், விழுந்தேன்.

பந்தயத்தைப் பற்றி நிறைய எழுத மனசில்லை. ஆண்கள் மூன்று முறை அந்த ஏற்றத்தில் வந்தார்கள். கடைசி முறை ஸ்லோவேனிய வீரர் டாடெய் பொகாச்சார் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார், நெதர்லாந்தின் மத்தியூ வான் டர் போல் உட்பட யாராலும் பின்தொடர முடியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் முன்னிலையில் ஜெயித்தார். பெண்கள் பந்தயத்தில் பெல்ஜியத்தின் லோட்டே கோப்பெக்கி மூன்றாவது முறையாக ஜெயித்தபோது பக்கத்தில் நின்ற பெல்ஜியக்காரர்கள் போட்ட கூச்சலில் நானும் சேர்ந்து கத்தினேன். பத்து நிமிஷம் 1,640 யூரோ மறந்து போயிருந்தது.

திங்கட்கிழமை கெண்டில் ஒரு கடையில் கைக்காசு போட்டு சைக்கிள் எடுத்து அதே ஏற்றங்களுக்குப் போனேன். இங்கேதான் என் ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. விரல்களைத் தளர்த்திப் பிடித்தேன், உடம்பைப் பின்னால் தள்ளினேன், டயரில் காற்றைக் குறைத்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரி! குவாரமோண்டில் கல்லின் மேல் சைக்கிள் துள்ளாமல் போனது. 1,640 யூரோவுக்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மணி நேர அறிவுரை மட்டும்தான். கோப்பன்பெர்க்கில் பாதியில் இறங்கித் தள்ளினேன், அதற்கு அவன் பொறுப்பில்லை.

ஊர் வந்த பிறகு நடந்தது இன்னும் கேவலம். முதலில், நீங்கள் புகார் படிவத்தை நிரப்பவில்லை என்றார்கள். நிரப்பினேன். படிவம் தவறான பிரிவுக்குப் போய்விட்டது, மறுபடி அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். கணக்குப் பிரிவுக்கு ஈஸ்டர் விடுமுறை, மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். ஈஸ்டரே 20ஆம் தேதிதான் வருகிறது! 13ஆம் தேதி டிவியில் வடக்கு பிரான்ஸின் பாரிஸ்–ரூபே பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. பொகாச்சார் ஒரு வளைவில் சறுக்கிப் பின்தங்க, வான் டர் போல் தொடர்ந்து மூன்றாவது முறையாக அதை ஜெயிக்கப் போகிற நேரம். போன் அதிர்ந்தது. அவன்தான். "உங்கள் ஏமாற்றம் புரிகிறது நண்பரே. அடுத்த வருஷப் பேக்கேஜில் 300 யூரோ கழித்துத் தருகிறோம், இந்த வாரமே மீதியைக் கட்டினால்." நண்பரே என்கிறான். டிவியை அணைத்துவிட்டேன். யார் ஜெயித்தார் என்பதையே மறுநாள்தான் பார்த்தேன்.

கார்டில் போன 400க்கு வங்கி விசாரிக்கிறது, வரலாம் என்கிறார்கள். 1,240 பற்றிக் கேட்டால் கிளை மேலாளர் படிவத்தை எடுத்துக் காட்டுகிறார்: "சார், நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்க." சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் போன் செய்து புகார் எண் வாங்கியாயிற்று. பார்க்கலாம். வீட்டில் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன், இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

போவதற்கு முன்னால் நம் சைக்கிள் குழுவில், திரும்பி வந்ததும் விரிவான வழிகாட்டி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மன்னியுங்கள், இப்போது முடியவில்லை. சட்டென்று சில விஷயம் மட்டும்: சனிக்கிழமை ஓட்டத்துக்கு ஏற்பாட்டாளர்களின் சொந்தத் தளத்தில் உங்கள் பெயரிலேயே பதியுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். பதிவு கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. அவுடனார்டேயைச் சுற்றி நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று வழித்தடங்களுக்கு வருஷம் முழுக்க அறிவிப்புப் பலகை உண்டு, எந்த நாளும் ஓட்டலாம். கூடாரம் கீடாரம் என்று யாரும் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். தள்ளுபடி என்று சொல்லி வங்கிக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், கார்டு மட்டும். ஜனவரியில் சரிபார்த்த ஹோட்டல் புக்கிங்கை மார்ச்சிலும் சரிபாருங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

இன்றைக்கு ஏப்ரல் 15. பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயம் 27ஆம் தேதி. அந்தத் தளம் அதற்கும் பேக்கேஜ் விற்றுக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் யாராவது கட்டியிருந்தால், இதைப் படித்த கையோடு ஹோட்டலுக்கு நேராக போன் போடுங்கள். புக்கிங் எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதாது, இன்றைய தேதிக்கு அது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.