டெல்லி விமானப்படை அருங்காட்சியகம்: ஒரு காரைக்குடித் தச்சனின் பார்வையில்

காரைக்குடியில் பழைய கதவு, நிலை, தூண்களைப் பழுது பார்ப்பது என் தொழில். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் என் கைக்கு வந்த மரத்தில் முக்கால் பங்கு பர்மாத் தேக்கு. அந்தத் தேக்கு வருவது எப்போது நின்றது என்று கேட்டால் என் தாத்தா ஆண்டைச் சொல்ல மாட்டார். "ரங்கூன் விழுந்த மாசி" என்பார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் பர்மாவின் ரங்கூனைப் பிடித்ததைத்தான் அப்படிச் சொல்வார். அந்தப் போர்க்காலத்தில்தான் செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் ஆங்கிலேயர் விமான ஓடுதளம் அமைத்தார்கள். மர வேலை இல்லாமல் போன தாத்தா அங்கே சரளை சுமக்கப் போனார். நாங்கள் சைக்கிள் பழகியதும் அதே ஓடுதளத்தில்தான். ஆனால் அவர் கையை விரித்து விரித்துச் சொன்ன அந்தக் காலத்து விமானம் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

மகள் குடும்பம் டெல்லியில் இருக்கிறது. சென்ற கார்த்திகையில் போயிருந்தபோது, பாலம் பகுதியில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் பேரன் அழைத்துச் சென்றான். 1967 இல் தொடங்கப்பட்டது. நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. திங்களும் செவ்வாயும் விடுமுறை என்றார்கள். போகிறவர்கள் நாளைக் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

உள்ளே முதலில் புகைப்படங்கள், சீருடைகள், பதக்கங்கள். அவற்றை வேகமாகக் கடந்துவிட்டேன். நிர்மல்ஜித் சிங் செகோன் படத்தின் முன்னால் மட்டும் பேரன் நிறுத்தினான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்க வந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்களை, சின்னஞ்சிறு நாட் விமானத்தில் எழும்பிப் போய் எதிர்த்து உயிர்விட்டவர். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. பள்ளியில் கட்டுரை எழுதியிருக்கிறான் போலிருக்கிறது, ஒரு சொல் தடுக்காமல் சொன்னான்.

விமானக் கூடத்துக்குள் நுழைந்ததும் நான் தேடியது லைசாண்டரை. இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்; சக்கரங்கள் உள்ளே மடங்காது. எதிரி நடமாட்டத்தைப் பார்த்து வந்து தரைப்படைக்குச் சொல்வதற்காகச் செய்யப்பட்டது. இந்த வகை விமானங்களோடுதான் நம் விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் 1942 பிப்ரவரியில் பர்மாவுக்குப் போனது. டௌங்கூ தளத்தை ஜப்பானியர் தாக்கிய மறுநாள், தலைவர் கருண் கிருஷ்ண மஜும்தார் லைசாண்டரிலேயே குண்டு ஏற்றிக்கொண்டு, தாய்லாந்தில் இருந்த அவர்கள் தளத்துக்குப் போய்த் திருப்பித் தாக்கினார். பர்மாவில் தொழில் செய்த எங்கள் பக்கத்து ஆட்கள் தங்கள் கடையான கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு அரக்கான் மலைவழியில் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. இந்தக் கதையை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூடத்தில் நிற்கும் லைசாண்டர் பர்மாவில் பறந்தது அன்று. லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கொடுத்துக் கனடாவிடமிருந்து பண்டமாற்றாக வாங்கியது. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

ஹரிக்கேன், ஸ்பிட்பயர் இரண்டும் எல்லோரும் படம் எடுக்கும் பழைய ஆங்கிலேயப் போர் விமானங்கள். அழகில் ஸ்பிட்பயர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹரிக்கேனின் பின்பாதி இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச்சட்டம் வைத்துத் துணி போர்த்திய வேலை. குண்டு துளைத்தாலும் துணியை ஒட்டி மறுபடி அனுப்பலாம். பழுது பார்க்கிறவனை மனத்தில் வைத்துச் செய்த பொருள் என்று பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

வேம்பயர் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். 1948 இல் வந்தது, நம் விமானப்படையின் முதல் ஜெட். அதன் விமானி உட்காரும் முன்பகுதி மரத்தால் ஆனது! நடுவில் பால்சா மரம், இருபுறமும் மெல்லிய ஒட்டுப்பலகை, அச்சில் வைத்து அழுத்தி வளைத்திருக்கிறார்கள். ஜெட் எஞ்சினை மரத்தின் முதுகில் கட்டிப் பறந்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பசையையும் அந்தக் கையையும் கும்பிட வேண்டும். விரலால் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. தொடக்கூடாது, தொடவில்லை.

அடுத்தது ஓகா. ஜப்பானியப் பெயருக்குச் செர்ரி மலர் என்று பொருள். ஆறு மீட்டர் நீளம், மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, வாலில் மூன்று ராக்கெட்டுகள். பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் தொங்கிப் போய், கப்பல் கண்ணில் பட்டதும் கழன்று, உள்ளே ஆளோடு பாய வேண்டியது. உடல் அலுமினியம், இறக்கை ஒட்டுப்பலகை. "தாத்தா, இது எப்படித் தரையில் இறங்கும்? சக்கரமே இல்லையே?" என்று பேரன் கேட்டான். இறங்காது தம்பி, இறங்குவதற்காகச் செய்யவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. 1945 இல் அந்த இறக்கையை இழைத்தவனும் என்னைப் போல ஒரு தச்சன்தான். ஒட்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருப்பான். ஒரே ஒரு முறை போகப்போகிற பொருளுக்கு அவ்வளவு வேலை. அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஓகாவைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். நின்று பதில் சொல்லுங்கள்.

பெரிய விமானங்கள் வெளியே நிற்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் பார்த்துவிடுவது உத்தமம். அங்கேதான் லிபரேட்டர். நான்கு எஞ்சின், இறக்கை முனையிலிருந்து முனைக்கு 110 அடி. போர் முடிந்ததும் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர்களை மறுபடி பறக்கக் கூடாது என்று சிதைத்துக் குப்பையாகப் போட்டுவிட்டுப் போனார்கள் ஆங்கிலேயர்கள். இந்துஸ்தான் விமான நிறுவனத்தார் அந்தக் குவியலிலிருந்து தேறியவற்றைப் பொறுக்கி, ஓரளவு ஒட்டவைத்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறக்கவிட்டே கொண்டுபோனார்கள். ஓட்டிப் போனவர் ஜம்ஷெட் முன்ஷி. அங்கே முழுதாகச் செப்பனிட்டு நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை விமானப்படைக்குக் கொடுத்தார்கள். 1968 வரை அவை பறந்தன.

இடித்த வீட்டுக் குவியலிலிருந்து நிலைக்கதவு எடுத்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு கதவின் கழுந்து இன்னொரு நிலையின் துளைக்குச் சேராது. மயிரிழை மயிரிழையாக இழைக்க வேண்டும். கதவு சேராவிட்டால் கிறீச்சிடும், அவ்வளவுதான். இங்கே ஆள் உயிர். வேறோர் ஊரில் நாற்சந்தியில் ஒரு போர் விமானத்தைத் தூணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வண்ணம் உரிந்து, மூக்கில் காகம் கூடு கட்டியிருந்தது. அதைப் பார்த்த வருத்தம் இங்கே தீர்ந்தது. பாலம் அருங்காட்சியகத்தில் பொருளைப் பொருளாக மதிக்கிறார்கள்.

அரை நாள் ஒதுக்குங்கள். டெல்லிக்கு எத்தனையோ முறை போய்ச் செங்கோட்டையோடு திரும்புகிற நம் ஊர்க்காரர்கள், பர்மா போய் வந்த குடும்பத்தவர்கள் குறிப்பாக, ஒரு முறை போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தபோது பழைய ஓடுதளத்துக்கு அழைத்துப் போனேன். லிபரேட்டரின் இறக்கை எவ்வளவு தூரம் விரியும் என்று அளந்து காட்டச் சொன்னான். அவனை ஓரிடத்தில் நிறுத்தி, முழக்கோலைப் புரட்டிப் புரட்டி 110 அடி அளந்து திரும்பிப் பார்த்தேன். கானல் நடுவே அவன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.