சிறுபோகத்தில் எதற்குக் காசு: சோலார் பம்புக்கா, வயலைக் காயவிடுவதற்கா?

பசுமை இல்ல வாயுக்களைக் குறைப்பதற்கென்று வடமாகாணத்துக்குக் காசு வந்தால், வன்னியில் அதை எதில் போடுவது? வழக்கமாக மூன்று பதில் வரும். மரம் நடலாம், மண்ணெண்ணெய் மிசினை எடுத்துவிட்டு சோலார் பம்பு கொடுக்கலாம், நெல் வயலுக்கு இடைவிட்டுத் தண்ணீர் கட்டலாம் (தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் சேற்றிலிருந்து மீதேன் வாயு வரும், இடையில் காயவிட்டால் குறையும்). எங்கள் தெரிவு மூன்றாவது, அதுவும் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு.

மரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாரியில் நடுவது சுகம். அடுத்த இரண்டு மூன்று கோடைக்கு மாட்டிலிருந்தும் தீயிலிருந்தும் காத்து, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் நட்ட கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

மற்ற இரண்டுக்கும் கணக்குப் பார்க்கலாம். ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2019 வழிகாட்டியில், தொடர்ந்து தண்ணீர் நிற்கும் தெற்காசிய வயலுக்கு ஒரு ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீதேன் என்று போட்டிருக்கிறது. மூன்று மாத நெல்லுக்கு 90 நாள் என்று எடுத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 31 கிலோ. மீதேன் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு சூடாக்கும் என்று பெருக்கினால் 870 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். போகத்துக்குள் பல முறை காயவிட்டால் அதே வழிகாட்டியின்படி மீதேன் 0.55 பங்காகக் குறையும். ஒரே ஒரு முறை காயவிட்டாலே 0.71 பங்கு. அதாவது பல முறை காயவிடும் ஏக்கரில் 390 கிலோ மிச்சம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் வருவது சுமார் 2.5 கிலோ. அந்த ஒரு ஏக்கர் 150 லீற்றருக்கு மேல் மண்ணெண்ணெயை எரிக்காமல் விட்டதற்குச் சமன். இது பொதுக் கணக்கு. அடிப்பசளையோடு வைக்கோலைப் புதைத்த வயலில் மீதேன் இதைவிடக் கூடும்.

செலவைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. சோலார் பம்புக்குத் தகடு, கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டார், தாங்கி, எல்லாம் வாங்க வேண்டும். காயவிடுவதற்கு வேண்டியது 4 அங்குல பி.வி.சி குழாயில் 30 சென்ரிமீற்றர் துண்டு ஒன்று. கீழ்ப்பாதியில் 5 மில்லிமீற்றர் துளைகளை 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் சுற்றிவரப் போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். வரம்பிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே, வயலின் சராசரி மட்டத்தில் நிற்கட்டும். பள்ளத்தில் நட்டால் மேடு வெடித்த பிறகுதான் குழாய் வற்றும். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் துளை அடைத்துவிட்டது, எடுத்துக் கழுவுங்கள்.

விதைத்து 20 நாள் வரை வழமைபோலத் தண்ணீர் நிற்கட்டும். அதற்கு முன் காயவிட்டால் கோரை, நெற்சப்பி போன்ற களைகள் மேலெழும்பிவிடும். பிறகு குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும் வரை விட்டு, மறுபடி 5 சென்ரிமீற்றர் கட்டலாம். அந்த 15 வரை வேருக்குத் தண்ணீர் எட்டும் என்பதால் விளைச்சல் குறையாது. பூக்கும் நேரத்துக்கு ஒரு கிழமை முன்பிருந்து ஒரு கிழமை பின்வரை மட்டும் காயவிடக் கூடாது, பதர் கூடும். யூரியாவைத் தண்ணீர் வற்றிய மண்ணில் எறிந்து உடனே தண்ணீர் கட்டினால் பசளை உள்ளே இறங்கும். எறிந்துவிட்டு மீண்டும் மீண்டும் காயவிட்டால் நைதரசு ஒட்சைட்டு என்ற இன்னொரு பசுமை இல்ல வாயு வெளியேறி, மீதேனில் பிடித்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இவ்வளவும் சுலபம். தீர்மானிப்பது வேறொன்று: அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வருமா?

வாய்க்காலில் ஏழு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று வையுங்கள். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் வயல் ஐந்தாம் நாளே 15-ஐத் தொடலாம். இரண்டு நாள் பொறுக்கலாம். குளத்தின் துரிசு (மதகு) திறப்பது இன்னும் நாலு நாள் தள்ளிப்போனால் பயிர் சுருளும். அந்தப் பயத்தில்தான் தண்ணீர் வந்ததும் வரம்பில் தண்ணீர் விடும் வக்கடையை அடைத்து, வரம்பு தாங்கும் மட்டும் நிரப்பி வைக்கிறார்கள். வாய்க்காலின் கடைக்கோடிக்காரன் இன்னும் மோசம், மேலே உள்ளவன் நிரப்பி முடித்த பிறகு வருவதுதான் அவனுக்கு. இவர்களிடம் போய்க் காயவிடச் சொன்னால் யார் கேட்பார்? குழாயை இலவசமாகக் கொடுத்தாலும் கோழிக்கூட்டுக்குத்தான் போகும்.

ஆகவே காசை முதலில் போடவேண்டியது குழாயில் இல்லை, தண்ணீர் முறை தவறாமல் வருவதில். பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே திறக்கும் தேதிகளை எழுதி, கமக்காரர் அமைப்பிலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறையிலும் கடைக்கோடிக்கு முதலில் கொடுத்து மேலே வர வேண்டும். கசியும் கிளை வாய்க்கால் கதவுகளைப் போகம் தொடங்கும் முன் மாற்ற வேண்டும். தேதி தவறினால் முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டு முறை தேதி தவறாமல் வந்தால் வக்கடை தானாகத் திறக்கும் என்றே நினைக்கிறோம்.

இதில் மாகாணத்துக்கு ஒரு வசதி உண்டு. மின்வலையமைப்பும் கட்டணமும் கொழும்பின் கையில். கனகராயன் ஆறு மாகாணத்துக்குள்ளேயே ஓடுவதால், அது நிரப்பும் இரணைமடுக் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்து ஆளுநரின் கீழ் நிர்வாகம் வந்த பிறகும் துரிசு திறக்கத்தானே செய்கிறார்கள். மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு இது பொருந்தாது. அருவியாறு அநுராதபுரப் பக்கமிருந்து வருவதால் அது மத்திய அரசின் பொறுப்பு.

எங்கே சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். மாரியில் செய்யும் காலபோகத்தில் மழை விடாது, காயவிட நினைத்தாலும் வயல் காயாது. ஆகவே இது சிறுபோகத்துக்கான வேலை, குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகப் பரப்பும் சுருங்கும். மன்னாரில் முருங்கன் பக்கத்துக் களிமண் ஆழமாக வெடிக்கும். அதை 15 வரை விட்டால் அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே கீழே போய்விடும். அங்கே 10-இலேயே கட்டுவது நல்லது என்பது எங்கள் ஊகம், உறுதியாகச் சொல்ல அந்த மண்ணில் எங்களுக்கு அனுபவம் போதாது.

சோலார் பம்பு வேண்டாம் என்பதல்ல. வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணியில் கிணற்றை நம்பி மிளகாய், வெங்காயம், வாழை செய்பவருக்கு அதுதான் சரி. மின்கலம் தேவையில்லை, பகலில் இறைத்துத் தாங்கியில் விட்டுச் சொட்டுநீருக்குக் கொடுக்கலாம். எரித்த லீற்றரை எண்ணிக் காட்டலாம் என்பதால் கணக்குக் கேட்பவருக்கும் வசதி. பிழைப்பது இரண்டு இடத்தில். தகடு இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி அப்படி இல்லை. அது பழுதானால் திருத்துபவர் வரும்வரை தோட்டம் காயும், பழைய மிசின் மறுபடி இறங்கும். அடுத்தது, இறைக்கச் செலவில்லை என்றானதும் இறைப்பதை நிறுத்தக் கை வராது. பாறைக்கு மேல் உள்ள கிணறு மெதுவாகத்தான் ஊறும், கரையோர மணலில் உப்பு ஏறும். ஆகவே மானியம் கொடுக்கும்போது கிணறு மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்று அளந்து, அதற்குக் குறைந்த மோட்டாரையே கொடுக்க வேண்டும்.

காயவிட்டு மிச்சப்படும் தண்ணீரிலும் ஒரு பொறி இருக்கிறது. 30 வீதம் வரை மிஞ்சலாம். அதைக் கொண்டு இன்னும் நெல் விதைத்தால் குறைத்த மீதேன் அங்கே திரும்பி வரும். அந்தப் பங்கு பயறுக்கும் உழுந்துக்கும் என்று போகம் தொடங்கும் கூட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். துரிசு திறந்த பிறகு பேசினால் நடக்காது.