லைசென்ஸ் வீட்டுக்கே வருது, டெஸ்ட் மட்டும் இன்னும் எட்டுதான்

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது ஆர்டிஓ அலுவலகத்தில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, என் பழைய லைசென்ஸைப் புதுப்பிப்பது. இன்னொன்று, அக்கா மகளின் டெஸ்டுக்குத் துணைக்குப் போவது. துணை என்றால் வெயிலில் நின்றுகொண்டு அவள் பையைப் பிடித்துக்கொள்ளும் வேலைதான். இங்கிலாந்தில் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியவன் என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் மனசு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. அலுவலக வேலை என்று பார்த்தால் நம் ஊர் எங்கேயோ போய்விட்டது. வண்டி ஓட்டத் தெரியுமா என்று சோதிக்கிற வேலை மட்டும் நான் லைசென்ஸ் எடுத்த காலத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதலில் புதுப்பித்தல். என்னுடையது பழைய விதிப்படி 20 வருடத்துக்குக் கொடுத்தது. அப்போதெல்லாம் 20 வருடம் அல்லது 50 வயது, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30க்கு மேல் 50க்குள் என்றால் 10 வருடம். அதற்குப் பிறகு 55க்குள் என்றால் 60 வயது வரை. அப்புறம் ஐந்தைந்து வருடமாக. வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. காலாவதியாக ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு ஐந்து வருடம் வரை விட்டுவைத்தார்கள். அடுத்த லீவில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒருமுறை கார்டை எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம், கட்டணம், எந்த நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் லைசென்ஸ் வேலைகளுக்கான சாரதி என்ற அரசு இணையதளத்தில்தான். கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஓடிபி வந்து குறுக்கே நிற்கிறது. ஆதாரில் இருக்கிற செல் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ போய்விட்டது. அந்த நம்பர் இன்று யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் என் ஓடிபி எல்லாம் போய்க்கொண்டிருக்கும். ஊருக்குப் போய், புது சிம் வாங்கி, ஆதார் மையத்தில் நம்பரை மாற்றி, அது பதிவாகும் வரை காத்திருந்து, அதன் பிறகுதான் விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு இன்றைக்கு ஊரில் எந்த வேலையும் இந்த ஒரு இடத்தில்தான் மாட்டுகிறது. பேங்க், கேஸ் சிலிண்டர், பத்திரப் பதிவு எதை எடுத்தாலும் இதே கதை. குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு இந்திய நம்பரை உயிரோடு வைத்திருப்பது மேல்.

40 வயது தாண்டியவர்கள் 1ஏ படிவத்தில் டாக்டர் சான்று வைக்க வேண்டும். ஒரு கிளினிக்கில் கொடுத்தார்கள். "கண்ணாடி போடுவீங்களா சார்?" என்று ஒரு கேள்வி, ஒரு கையெழுத்து, ஒரு சீல். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. இங்கிலாந்தில் செயல்முறைத் தேர்வே கண்ணிலிருந்துதான் தொடங்கும். காரில் ஏறுவதற்கு முன், 20 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு வண்டியைக் காட்டி நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார் தேர்வாளர். படிக்க முடியாவிட்டால் சாவியைத் திருகுவதற்கு முன்பே தேர்வு முடிந்தது.

அலுவலகத்துக்குள் எனக்கு நல்ல ஆச்சரியம். நேரம் குறித்து வந்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் என் பழைய கார்டைப் பார்த்துவிட்டு, "போட்டோல ஆளே வேற மாதிரி இருக்கீங்களே சார்" என்று சிரித்தார். புதுப் படம் எடுத்து, பேடில் கையெழுத்து வாங்கி, அனுப்பிவிட்டார். யாருக்கும் காபிக்காசு கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கார்டு ஸ்பீட் போஸ்டில் வீடு தேடி வந்தது. அதற்கு முன்பே, ஆவணங்களைச் செல்லில் வைத்துக்கொள்ளும் அரசு செயலியான டிஜிலாக்கரில் விவரம் மாறிவிட்டது; போலீஸ் நிறுத்தினால் அதைக் காட்டினாலே போதும், 2018லிருந்து அது செல்லும். ஒரு கையெழுத்துக்காக மதியம் வரை மரத்தடியில் காத்திருந்த நாட்களை நினைத்தால் இது வேறு உலகம்.

இனி அக்கா மகள். கல்லூரி கடைசி வருடம், ஸ்கூட்டர் கார் இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்திருந்தாள். எல்எல்ஆர், அதாவது பயிலுநர் லைசென்ஸ், ஏற்கனவே கையில் இருந்தது. அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் ஆனபின் டெஸ்டுக்கு வரலாம். டிரைவிங் ஸ்கூலில் கட்டிய பணம் 'எல்லாச் செலவும் சேர்த்து'. அந்த எல்லாச் செலவில் என்னென்ன அடக்கம் என்று கேட்டேன். அக்கா என்னை வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மைதானத்தில் தரையிலேயே எட்டு வரைந்திருந்தது. வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும், ஹெல்மெட் மூன்றோ நான்கோதான். ஒருவர் எட்டைப் போட்டு இறங்கியதும் அடுத்தவர் அதே ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறுவார். வேர்வை ஈரத்தோடு அது கைமாறிக்கொண்டே இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது பதவிப் பெயர், ஊரில் அப்படி யார் சொல்கிறார்கள். கால் ஊன்றாமல் எட்டை முடித்தால் தலையசைப்பு, ஊன்றினால் "இன்னொரு ரவுண்டு போம்மா". இவள் ஊன்றாமல் போட்டாள். மெதுவாக, நடுங்காமல், அழகாகத்தான் போட்டாள். ஆனால் அந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே பஸ்ஸும் மணல் லாரியும் வருகிற ரோட்டில் ஏற வேண்டுமே, அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கார் டெஸ்ட் அதைவிடச் சுருக்கம். ஸ்கூல் காரில் பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார, ஒவ்வொருவராக முன்னால் வந்து ஓட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ஏறுவதற்கு முன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இவள் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "மூணாவது கியருக்குப் போகாத. சார் சொல்ற இடத்துல ஓரங்கட்டு, இண்டிகேட்டரை மட்டும் மறந்துடாத." கார் கிளம்பியது, கண் எட்டும் தூரத்திலேயே நின்றது, ஆள் மாறியது. திரும்பி வந்தவளிடம் என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

"வலது பக்கம் திரும்ப எப்படிக் கை காட்டணும்னு கேட்டார் மாமா. காட்டினேன். அப்புறம் கியர் மாத்தச் சொன்னார். அவ்ளோதான்."

"ரிவர்ஸ்?"

"அதெல்லாம் கேக்கல."

இத்தனைக்கும் சட்டத்தில் குறை இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15வது விதியை எடுத்துப் படித்தால் திகைத்துப்போவீர்கள். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும்; குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸில் திருப்ப வேண்டும்; சிக்னல் போடுவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்; நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும்; சாலையில் மற்றவர்களிடம் மரியாதை காட்ட வேண்டும். இங்கிலாந்துத் தேர்வாளர் கையில் இருக்கும் மதிப்பெண் தாளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. காவிரிப் பாலத்து ஏற்றத்தை விட்டால் மேடே இல்லாத எங்கள் பக்கத்தில் அந்த ஒரு அம்சத்தை மட்டும் வேண்டுமானால் மன்னிக்கலாம். மற்றதை எல்லாம் ஒரே காலையில் முப்பது பேரைப் பார்க்க வேண்டிய ஒருவர் எப்படிச் சோதிப்பார்? அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இங்கே இங்கிலாந்தில் முதலில் தியரி. 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு ஆபத்தைக் கணிக்கும் பகுதி: 14 வீடியோ ஓடும், நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து குழந்தை எட்டிப்பார்க்கிறதா, முன்னால் போகும் சைக்கிள் விலகுகிறதா என்று பார்த்து உடனே கிளிக் செய்ய வேண்டும். 75க்கு 44 எடுத்தால்தான் தேறலாம். 2014 ஏப்ரல் வரை இந்தத் தேர்வைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுத வசதி இருந்தது. இப்போது ஆங்கிலமும் வேல்ஷும் மட்டும்தான். செயல்முறைத் தேர்வு சுமார் 40 நிமிடம். அதில் பாதி நேரம் யாரும் வழி சொல்லாமல் நேவிகேட்டரையோ பலகைகளையோ பார்த்து நாமே போக வேண்டும். சின்னத் தவறு 15 வரை பொறுத்துக்கொள்வார்கள், பெரிய தவறு ஒன்றே ஒன்று போதும், அவ்வளவுதான். தேர்வு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கூடத் தேறுவதில்லை. ஊரில் பத்து வருடம் ஓட்டிய நம் ஆட்கள் இதில் சறுக்குவது பெரும்பாலும் கிளட்ச் கியரில் அல்ல. கிளம்பும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதது, ரவுண்டானாவில் போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டே இருப்பது, இந்த மாதிரி இடங்களில்தான். தயங்கி நிற்பதும் இங்கே தவறுதான்.

அதற்காக இங்கிலாந்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேர்வு ஒழுங்காக இருக்கிறது, தேர்வுக்குத் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. 2025ல் பல மையங்களில் ஐந்து மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. வார நாளில் தேர்வுக் கட்டணம் 62 பவுண்டு. ஆனால் தானாக இயங்கும் நிரல்களை வைத்து தேதிகளை அள்ளி, பல மடங்கு விலைக்கு வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு 17 வயதானதும் அவர்களிடம் போய் நிற்காத தமிழ்க் குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. இதைச் சொன்னதும் அக்கா மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அங்கேயும் புரோக்கரா மாமா?" ஊரில் டெஸ்டை மேலோட்டமாக முடிக்க ஆள் இருக்கிறது, இங்கே டெஸ்டுக்குள் நுழையவே ஆள் தேவைப்படுகிறது. எது மோசம் என்று கேட்டால் நான் ஊரைத்தான் சொல்வேன். இங்கே போவது பணமும் பொறுமையும்தான். 2022ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், பிரிட்டனில் 1,711. மக்கள்தொகை இருபது மடங்குதான், சாவு ஏறத்தாழ நூறு மடங்கு. ரோடு, ஹெல்மெட், ஆம்புலன்ஸ், குடி என்று இதற்குப் பல காரணம் உண்டு. மூன்றாவது கியர் போடாமலே லைசென்ஸ் கொடுப்பதும் அதில் ஒன்று.

அவள் செப்டம்பரில் மேற்படிப்புக்கு இங்கே வருகிறாள். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு, நம் லைசென்ஸை மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். அப்படி மாற்றிக் கொடுக்கிற நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. 34 பவுண்டு கட்டி பயிலுநர் லைசென்ஸ் எடுத்து, எல் போர்டு மாட்டி, தியரியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் இருக்கிற நண்பன் ஒருவன் அடிப்படைத் தியரித் தேர்வை மட்டும் எழுதி இந்திய லைசென்ஸை மாற்றிக்கொண்டான். நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம். வந்ததும் எல்லா வேலைக்கும் முன்னால் தேதிக்கு வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுபக்கம், இங்கிலாந்து லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஊரில் ஓட்ட நினைப்பவர்களுக்கு: 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அது தபால் நிலையத்தில் கிடைக்காது, பில் கட்டும் பேபாயிண்ட் வசதி உள்ள கடைகளில்தான், 5.50 பவுண்டு, ஒரு வருடம் செல்லும். 1926, 1968 ஆண்டு ஒப்பந்தங்களின்படியும் இதேபோல் புத்தகம் உண்டு, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார், அட்டையில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். மச்சான் காரை வாங்கி ஒரு ரவுண்டு போகும்போது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது ஓட்டியவரின் லைசென்ஸைத்தான்.